இணைய விளையாட்டின் முன் மற்ற ஆர்வங்கள் ஏன் தோற்கின்றன?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நிலையான ஐவர் குழு ஒன்றில் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக ஒரே இணைய விளையாட்டை ஆடி வருகிறீர்கள். வேலை நாட்களில் இரவு நான்கு மணி நேரம், விடுமுறை நாட்களில் அதற்கும் மேல். முன்பு நீர்வண்ண ஓவியம் வரைந்தீர்கள், புல்லாங்குழலும் கற்றுக்கொண்டிருந்தீர்கள். வண்ணப் பெட்டியைத் திறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. விளையாட்டை விட்டுவிட மனமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுவது முறை, இது அடிமைத்தனமா, கால அட்டவணை ஒன்று வகுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காலையில் எழும்போது இன்றைக்கு வரைந்தே தீர்வது என்று முடிவு செய்கிறேன், இரவு எட்டு மணிக்கு ஹெட்செட் தானாகத் தலையில் ஏறிவிடுகிறது என்று. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓவியத்தின் மேல் ஆசை குறையவில்லை. இருந்தும் ஒவ்வொரு மாலையும் அதுவே தோற்கிறது, அது ஏன்?

பதில் சொல்லும் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளை வடிவமைக்கும் பணியில் பதினான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அவற்றில் ஆறு ஆண்டுகள், இன்று ஆடியவர்களில் எத்தனை பேர் நாளையும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் திரும்பி வருகிறார்கள் என்பதை அளந்து, அந்த எண்ணை உயர்த்துவதற்கென்றே அமைக்கப்பட்ட குழுவில் கழிந்தன. அதற்கு முன்பு, நாற்பது பேர் வரை கூடிப் பெரிய எதிரிகளை வீழ்த்தும் ‘ரெய்டு’ ஆட்டக் குழு ஒன்றுக்குச் சில காலம் தலைமையும் வகித்தேன். ஆகவே இந்த வலையைப் பின்னுகிற பக்கத்தையும், அதில் சிக்கி மகிழ்ச்சியாகவே இருக்கிற பக்கத்தையும் பார்த்தவன். ஆனால் மருத்துவன் அல்லன். நோய் பற்றிய கேள்விக்குப் பொதுவில் அறியப்பட்டதைச் சொல்வேனே தவிர உங்களைச் சோதித்துச் சொல்ல என்னால் இயலாது.

அந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்று ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தல், பிற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டமே முதலிடம் பெறுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் அல்லது அதிகரித்தல். இவை குடும்பம், கல்வி, வேலை போன்றவற்றில் குறிப்பிடத்தக்க பாதிப்பை உண்டாக்கும் அளவுக்குக் கடுமையாகவும், பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்தும் இருக்க வேண்டும். அந்த வரையறையில் மணிக்கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டில் இது மேலும் ஆராயப்பட வேண்டிய நிலை என்ற பகுதியில் மட்டுமே இடம்பெற்றது. தனிநோயாகக் கருதலாமா, மனச்சோர்வு போன்ற வேறொன்றின் வெளித்தோற்றமா என்ற வாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வேலை நடக்கிறது, உறவுகள் முறியவில்லை, ஆட்டத்தில் மகிழ்ச்சியும் இருக்கிறது. பிற ஆர்வங்கள் பின்னுக்குப் போனது மட்டும் பொருந்துகிறது. ஒரு பொருத்தத்தைக் கொண்டு பெயர் சூட்டுவது தவறு. எனினும் இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுவதாக எழுதியிருப்பதை நான் கடந்துபோக மாட்டேன். ஓவியம் போனதைவிட அது பெரிய இழப்பு. ஆட வேண்டாம் என்று தீர்மானித்த நாட்களிலும் நிறுத்த முடியவில்லை, ஆடாதபோது எதிலும் நாட்டமில்லை என்ற நிலை வந்தால் என்னைப் போன்றவர்களிடம் கேட்காமல் மனநல மருத்துவரிடம் நேரில் பேசுங்கள்.

எத்தனை மணி நேரம் முறை என்ற கேள்விக்கு எண்ணால் பதில் இல்லை. நழுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் துறையில் நெடுங்காலம் ஆய்வுகள் ஆட்டக்காரர் தாமே நினைவிலிருந்து சொன்ன மணிக்கணக்கை நம்பியே நடந்தன. மனிதர்கள் அதைச் சரியாகச் சொல்வதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு நிறுவனத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் விளையாட்டு நிறுவனங்களிடமிருந்தே ஆட்ட நேரப் பதிவுகளைப் பெற்றார்கள். இரண்டு விளையாட்டுகளைச் சேர்ந்த 3,274 பேரிடம், அதிக நேரம் ஆடியவர்களின் மனநலம் சற்றே மேலாக இருந்ததாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஏழு விளையாட்டுகளில் ஏறத்தாழ 39,000 பேரை ஆறு வாரங்கள் பின்தொடர்ந்தபோது, ஆட்ட நேரம் மனநலத்தைக் கூட்டியதற்கோ குறைத்ததற்கோ சொல்லத்தக்க சான்று கிடைக்கவில்லை; எதற்காக ஆடுகிறார்கள் என்பதே மனநலத்தோடு தொடர்புடையதாகத் தோன்றியது. இவற்றை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தாமாக முன்வந்து விடையளித்தவர்களின் சராசரி அது. சராசரிக்குள் தூக்கம் கெட்ட ஒருவரும் தனிமை தீர்ந்த ஒருவரும் ஒருவரையொருவர் சமன்செய்து மறைந்துபோயிருக்கலாம். இருந்தாலும் இரண்டு மணி நேரம் நல்லது, நான்கு மணி நேரம் கெட்டது என்று கோடு கிழிப்பவர்களிடம் சான்று கேளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு அவை போதும். கனடிய உளவியலாளர் ராபர்ட் வலராண்டும் அவரது குழுவினரும் 2003-இல் முன்வைத்த வேறுபாடு எனக்குப் பயன்பட்டிருக்கிறது: ஒருவர் தம் விருப்பத்தால் ஆள்கிற ஈடுபாடு ஒன்று, ஒருவரை ஆள்கிற ஈடுபாடு மற்றொன்று. ஒரே நான்கு மணி நேரம் இரண்டிலும் இருக்கலாம்.

இனி ஓவியம் ஏன் தோற்கிறது என்ற மையக் கேள்விக்கு வருகிறேன். வண்ணப் பெட்டியும் விளையாட்டும் ஒரே மாலைக்காகப் போட்டியிடும்போது, எது அதிக இன்பம் தருகிறது என்பதை வைத்து முடிவு ஏற்படுவதில்லை. பலமுறை ஆட்டம் முடிந்து எரிச்சலோடு எழுந்திருப்பீர்கள். வரைந்து முடித்து எரிச்சலோடு எழுந்த நாட்கள் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஆட்டம் வெல்வதற்குக் காரணம் வேறு. அதற்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது, அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள், தொடங்குவதற்கு ஒரு பொத்தான் போதும், முடிவு என்ற ஒன்று அதற்குள் இல்லை. ஓவியத்துக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. யாரும் காத்திருக்கவில்லை, மேசையை ஒழிக்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், தாளை ஒட்ட வேண்டும், வரையாவிட்டால் எதுவும் காலாவதியாவதில்லை. காலாவதியாகாத எதுவும் களைத்த மனிதனின் மாலையில் நாளைக்குத் தள்ளப்படும். இதில் உங்கள் மனவுறுதிக்குப் பெரிய பங்கு இல்லை.

காலாவதி என்று சொன்னேன். நாங்கள் தொழிலில் பயன்படுத்திய கருவிகளில் மிக வலிமையானது அதுதான். நாள்தோறும் புதுப்பிக்கப்படும் சிறு பணிகள், தொடர்ந்து வந்தவர்களுக்குக் கூடிக்கொண்டே போகும் பரிசு, வீழ்த்திய எதிரியிடமிருந்து வாரத்தில் ஒருமுறை மட்டும் கிடைக்கும் பொருள், பணம் கொடுத்து வாங்கினால் ஆட ஆடப் பரிசுகளைத் திறந்து தந்து, சில வாரங்கள் நீளும் ஆட்டப் பருவம் முடிந்தால் மறைந்துவிடும் பேட்டில் பாஸ் ஆகிய அனைத்தும் ஒரே யோசனையின் வடிவங்கள்: வராமல் இருப்பதற்கு ஒரு விலை வைப்பது. நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் தொடர் வருகைப் பரிசை முதன்முதலில் சேர்த்தபோது வருகை எண்ணிக்கை உயர்ந்தது. ஒரு நாள் தவறவிட்டுத் தொடர் அறுந்தவர்களில் ஒரு பகுதியினர் விளையாட்டையே விட்டுப் போனார்கள். அவர்கள் அதுவரை இன்பத்துக்காக வந்தார்களா, அறுந்துவிடும் என்ற அச்சத்துக்காக வந்தார்களா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று அதற்கு யாரும் விடை சொல்லவில்லை, அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

எல்லாக் கருவியும் தந்திரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு சோதனைக் கட்டத்தில் இருந்தபோது, தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள்; ஆட்டக்காரர்கள் அதைத் தண்டனையாகக் கண்டு வெறுத்தார்கள். பின்பு அதே ஏற்பாட்டை, ஓய்வெடுத்துத் திரும்புபவருக்கு இரட்டிப்புப் புள்ளி என்று திருப்பிச் சொன்னார்கள். அதே மனிதர்கள் வரவேற்றார்கள். வெளியே போய்வா என்று சொல்லும் வடிவமைப்பும் இருக்க முடியும் என்பதற்காகவே இந்தக் கதையைச் சொல்கிறேன். 2012-இல் வந்த கில்ட் வார்ஸ் 2-இல் ஆட்டக்காரர் எட்டக்கூடிய உச்ச நிலை அன்று போல் இன்றும் எண்பதுதான். ஓராண்டு கழித்துத் திரும்பினாலும் உங்கள் ஆயுதம் பழைய இரும்பாகியிருக்காது. 2024-இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-இல் வாங்கிய பாஸ் காலாவதியாவதில்லை. ஆடும் விளையாட்டை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் விளையாட்டில் எந்தப் பகுதி உங்களை விடுகிறது, எந்தப் பகுதி விட மறுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள் என்கிறேன். ஒரு சிறு உத்தி: பேட்டில் பாஸைப் பருவத்தின் தொடக்கத்தில் வாங்காதீர்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் கடைசி வாரத்தில் வாங்கினாலும், அதுவரை எட்டிய நிலைகளுக்குரிய பரிசுகள் மொத்தமாகக் கிடைத்துவிடும். முதலிலேயே வாங்கினால் பணம் வீணாகாமல் இருக்க ஆடுவீர்கள். கடைசியில் வாங்கினால் ஏற்கெனவே ஆடியதற்கு வாங்குவீர்கள். உங்கள் விளையாட்டில் விதி அப்படித்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூளை வேதியியல் பற்றி உங்களுக்கு முன்பே பலர் அறிவுரை சொல்லியிருப்பார்கள். உறுதியானது இவ்வளவுதான்: எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, ஒழுங்காகக் கிடைக்கும் பரிசைவிட விடாமுயற்சியைத் தூண்டுகிறது என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களைக் கொண்டு விரிவாக ஆராய்ந்து 1957-இல் நூலாகவே வெளியிட்டார்கள், திறந்தால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத விளையாட்டுப் பரிசுப் பெட்டிகள் அந்த அடிப்படையில் அமைந்தவை. 1998-இல் எட்டுப் பேரைக் கொண்டு நடந்த மூளைப் படிம ஆய்வில், டாங்கி ஒன்றை ஓட்டும் எளிய விளையாட்டின்போது ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வெளிப்படுவது தெரிந்தது. ஆனால் எட்டுப் பேரிடம் கண்டதிலிருந்து, விளையாட்டு மூளையைப் பழுதாக்கிவிட்டது, சில நாள் எல்லா இன்பங்களையும் துறந்தால் ஓவியம் மீண்டும் இனிக்கும் என்பதுவரை தாண்டுவதற்குப் பாலம் இல்லை. அந்த விரதம் சிலருக்கு உதவுகிறது என்றால், பழக்கத்தின் கண்ணி ஒரு வாரம் அறுந்ததால் உதவியிருக்கும் என்பதே என் ஊகம்.

உங்கள் விஷயத்தில் பரிசுகளைவிட மனிதர்களே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. பலர் இணைந்து ஆடும் இணைய உலகங்களின் முன்னோடியை 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கினார்கள். பார்ட்டில் 1996-இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்பவர், தேடித் திரிபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். அந்தப் பிரிவினை முழுமையானது அல்ல, பின்னால் வந்தவர்கள் அதை நிறையத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் எதற்காக வருகிறார் என்று கேட்கும் பழக்கத்தை அது தொடங்கி வைத்தது. உங்கள் கடிதத்தில் ரேங்க் பற்றி ஒரே ஒரு முறை வருகிறது. குழுவினரின் பேச்சு, சிரிப்பு, ஒருவருடைய திருமணம், இன்னொருவருடைய வேலையிழப்பு என்று ஐந்தாறு இடங்களில் வருகிறது. நீங்கள் பழக வருபவர். நீங்கள் வரவில்லையென்றால் நால்வர் ஆட முடியாது, அல்லது முகம் தெரியாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆட வேண்டும். நடுவில் எழுந்தால் தண்டனையும் உண்டு. கால அட்டவணை போடுகிறவர்கள் இந்தக் கடமையுணர்வைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் அட்டவணைகள் மூன்றாம் நாள் கிழிகின்றன.

ரெய்டுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் நான் கற்ற ஒன்று இங்கே உதவும். நாற்பது பேரை வாரத்தில் நான்கு இரவுகள் ஒரே நேரத்தில் கூட்டுவது என் வேலையாக இருந்தது. மருத்துவப் பொறுப்பில் இருந்த ஒருவர், அதாவது காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் பாத்திரம் ஏற்றவர், ஒருநாள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், இனிச் செவ்வாய்க்கிழமைகளில் எனக்குச் சேர்ந்திசைப் பயிற்சி இருக்கிறது, வர இயலாது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த செவ்வாய்க்கு வேறொருவரைத் தயார் செய்தோம், இரண்டாம் வாரத்தில் அது பழகிப்போனது, மூன்றாம் வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைத் திணறடித்தவர் வேறொருவர்: வர முயல்கிறேன், கொஞ்சம் தாமதமாகலாம், இன்று முடியுமா என்று பார்க்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் சொல்லி, பாதி நாட்கள் வந்து, வந்த நாட்களிலும் குற்றவுணர்வோடு கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தவர். உறுதியான விடுப்பைக் குழு தாங்கிக்கொள்ளும். உறுதியில்லாத வருகையைத்தான் அதனால் தாங்க முடியாது. ஆட்டத்தைக் குறைக்க நினைப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் முதலில் அந்த இரண்டாமவரைப் போலத்தான் நடந்துகொள்கிறார்கள். எல்லா நாளும் கொஞ்சம் குறைக்கப் பார்க்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாலைகளில் முழுமையாக ஆடுங்கள். நான் தரக்கூடிய அட்டவணை இவ்வளவுதான்.

ஆடும் மாலைகளிலும் தூக்கத்துக்காக ஒரு கணக்கு உண்டு. பத்தரைக்கு நிறுத்துவது என்ற தீர்மானம் ஐவர் விளையாட்டில் செயல்படவே முடியாது, ஏனெனில் பத்தரை மணிக்கு நீங்கள் ஏதோ ஓர் ஆட்டத்தின் நடுவில் இருப்பீர்கள். ஓர் ஆட்டம் இருபத்தைந்து நிமிடத்தில் முடியலாம், நாற்பத்தைந்தும் ஆகலாம். அணி சேரவும் பாத்திரம் தேர்ந்தெடுக்கவும் பத்து நிமிடம். ஆகவே தீர்மானத்தை ஆட்டம் முடியும் நேரத்தில் வைக்காமல், அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்தும் நேரத்தில் வையுங்கள்: பதினொன்றுக்குள் எழ வேண்டுமென்றால் பத்து மணிக்குப் பிறகு புதிய ஆட்டம் இல்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டும் எண்ணலாம். நான்கு மணி நேரம் என்பது ஐந்து ஆட்டங்கள். மூன்று என்று முன்பே குழுவிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். வெற்றியோடு நிறுத்துவோம் என்ற வாக்கை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். தோல்வி பழிதீர்க்கக் கூப்பிடும், வெற்றி தொடரக் கூப்பிடும். அந்த வாக்கு இரவு இரண்டு மணிக்குத்தான் கொண்டுபோய் விடும்.

இனி ஓவியத்தின் பக்கம். இங்கே ஒரு நுட்பமான இடையூறு இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. போட்டி விளையாட்டுகளில் உங்கள் எதிராளியைத் தேர்ந்தெடுப்பது ஒரு கணக்கு முறை. அதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது: ஆர்பட் எலோ வகுத்த தரவரிசைக் கணக்கை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் உலகக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றன; அதன் வழித்தோன்றல்களே இன்றைய இணைய விளையாட்டுகளில் ஓடுகின்றன. அந்தக் கணக்கு உங்கள் திறனுக்கு ஏறக்குறைய சமமானவர்களையே எதிரே நிறுத்துவதால், திறன் எதுவாக இருந்தாலும் பாதிக்குப் பாதி வெல்வீர்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பினாலும் சில தோல்விகளுக்குப் பிறகு அது உங்களுக்கேற்ற இடத்தில் மெல்ல இறக்கிவிடும். ஓவியத்துக்கு அப்படி இறக்கிவிட யாரும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் வரைந்த சிறந்த படம் கண்ணில் இருக்கிறது, கை துருப்பிடித்திருக்கிறது. முதல் மாலையில் நீங்கள் உங்களைவிட வலிமையான ஒருவரோடு, அதாவது பழைய உங்களோடு, ஆடித் தோற்பீர்கள். தோற்றவுடன் எட்டடி தூரத்தில் பாதி வெற்றிக்கு உறுதி தரும் இயந்திரம் இருக்கிறது. திறனுக்கேற்ற இடத்தில் இறக்கிவிடும் இந்தப் பொருத்தத்தை ஓவியத்தில் நீங்களே செய்ய வேண்டும். பழைய அளவில் நிலக்காட்சி வரைய உட்காராதீர்கள். உள்ளங்கையளவு தாளில் ஒரே ஒரு நிறத்தில் ஒரு கோப்பையையோ ஓர் இலையையோ வரையுங்கள். இருபது நிமிடத்தில் முடியட்டும். பத்தில் ஐந்து சுமாராக வந்தால் போதும். புல்லாங்குழலிலும் அப்படித்தான்: விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் அதற்கு ஓராண்டு முந்தைய பாடத்திலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, ஆட்டத்திடம் இருப்பவற்றை ஓவியத்துக்கும் கொடுங்கள். பொத்தானுக்கு ஈடாக, தாளும் தூரிகையும் நிரந்தரமாக மேசையில் விரித்தே இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால் அந்த மூடியே தடையாகும். காத்திருக்கும் மனிதருக்கு ஈடாக ஒரு மனிதர்தான் வேண்டும், வேறு வழியில்லை: வாராந்தர வகுப்பு, சேர்ந்து வரையும் நண்பர், குழல் ஆசிரியர், யாராவது. மாலையில் தனியாகச் செய்யும் ஆர்வம், ஐந்து பேர் அழைக்கும் ஆர்வத்தோடு மோதி நிலைத்ததை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். தனிமையில்தான் வரைய முடியும் என்றால் மாலையை விட்டுவிடுங்கள், விடுமுறை நாளின் காலையை எடுங்கள். அப்போது குழு விழித்திருக்காது. ஆடி முடித்த பிறகு வரையலாம் என்ற வரிசை மட்டும் வேண்டாம். மூன்று ஆட்டங்களுக்குப் பின் மிஞ்சுவது நேரம் மட்டுமே, கவனம் மிஞ்சாது.

நேரக் கட்டுப்பாட்டுச் செயலிகள், கடவுச்சொல்லை வேறொருவரிடம் கொடுத்தல், ஒரு மாதம் முற்றாக நிறுத்துதல் ஆகியவை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவற்றுக்கான சான்று வலுவானது அல்ல. சட்டத்தின் வலிமையோடு செய்து பார்த்த நாடுகளின் அனுபவமே தெளிவாக இல்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆடக்கூடாது என்று தென்கொரியா 2011-இல் கொண்டுவந்த விதியைப் பத்தாண்டுகளுக்குப் பின் அந்நாடே நீக்கிக்கொண்டது. சீனா சிறுவர்களின் நேரத்தை 2019-இல் கட்டுப்படுத்தி, 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை என்று மேலும் இறுக்கியது. முந்தைய 2019 விதிக்குப் பிறகான ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, மிகையாக ஆடுவது குறைந்ததற்குச் சான்று காணவில்லை என்றது. அந்தப் பதிவுகள் சந்தையின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்தவை, வயதுவாரியாகவும் பிரிக்கப்படாதவை. எனவே விதி தோற்றது என்று முடிவு கட்டவும் முடியாது. உங்களைப் போன்ற வயதுவந்தவர் தனக்குத்தானே போட்ட பூட்டு, சாவி தன் சட்டைப்பையில் இருக்கும்வரை, நினைவூட்டும் மணியாக மட்டுமே பயன்படும். நினைவூட்டலாகப் பயன்படுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கடமான வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓவிய ஆர்வம் தானாகவே முடிந்துபோயிருக்கலாம். ஆர்வங்களுக்கும் ஆயுள் உண்டு. முடிந்துபோன ஒன்றுக்காக ஆட்டத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு, இரண்டிலும் மகிழாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல இணைய விளையாட்டுகள் பராமரிப்புக்காக அவ்வப்போது சில மணி நேரம் சர்வரை மூடும். அந்த நேரத்தில் உங்கள் கை எங்கே போகிறது என்று அடுத்த மூன்று நான்கு முறை கவனியுங்கள். தாளை நோக்கிப் போனால் மேலே சொன்னவை பயன்படும். எப்போது திறக்கும் என்று அறிவிப்புப் பக்கத்தை மீண்டும் மீண்டும் திறந்து பார்த்தால், ஓவியத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது ஆட்டத்தோடு உங்களுக்குள்ள உறவு. இரண்டும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கிப்போனால், உங்களுக்கு இப்போதைக்கு ஓவியமும் வேண்டாம், ஆட்டமும் குறைய வேண்டும், அவ்வளவுதான். புதிய ஆர்வம் ஒன்று பிறகு வரலாம்.

குழுவிடம் சொல்லிவிட்டுக் குறைப்பதா, சொல்லாமல் மெல்ல நழுவுவதா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம். விளக்கம் நீண்டால் அனுமதி கேட்பதுபோல் ஆகிவிடும். செவ்வாயும் வியாழனும் எனக்கு வேறு வேலை, மற்ற நாட்களில் எப்போதும்போல் வருவேன், அந்த இரண்டு நாளுக்கு ஆறாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வோம் என்று சொன்னால் போதும். ஆறாவது ஆளைத் தேடும் வேலையில் நீங்களும் பங்கெடுங்கள்; விலகுகிறவன் என்ற எண்ணம் அதனால் எழாது. ஒருவர் முகம் சுளிக்கலாம். அந்த ஆறாவது ஆள் உங்களைவிட நன்றாக ஆடவும் கூடும், அது கொஞ்சம் வலிக்கும். இன்னொன்று: இதைத் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு சொல்லாதீர்கள், கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டு மறுநாள் சமாதானம் பேச வருவார்கள். அனைவரும் வந்து சேர்வதற்காகக் காத்திருந்து வெறுமனே பேசிக்கொண்டிருக்கும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்.